வடக்கே ஒரு கடற்கரைப் பயணம்: கொடுங்கையூர் முதல் பழவேற்காடு வரை

பெருநாள் கழிந்த மறுநாள் கொடுங்கையூரிலிருந்து புறப்படும் வேன்கள் யாவும் ஏறக்குறைய ஒரே திசையில்தான் செல்கின்றன. மெரினா, கோவளம், மாமல்லபுரம். சற்று வசதியுடையோர் புதுச்சேரி வரை. வீட்டு வாசலிலிருந்து நேர் கிழக்கே சென்றால் ஐந்தாறு கிலோமீட்டருக்குள் கடல் வந்துவிடும். ஆயினும் அதே கடலைக் காண்பதற்கு நாம் நகரம் முழுவதையும் கடந்து தெற்கே போகிறோம். ஏன் என்று மதரஸா மாணவர்களிடம் வினவினால், “இங்கே கடல்தான் இருக்கிறது ஹஜ்ரத், கரை எங்கே இருக்கிறது?” என்று திருப்பிக் கேட்கிறார்கள்.

அது விளையாட்டுக் கேள்வியன்று. வடசென்னைக்கு ஒரு காலத்தில் கரை இருந்தது. சென்னைத் துறைமுகத்தின் கட்டுமானம் 1870களின் நடுப்பகுதியில் தொடங்கியது. 1881ஆம் ஆண்டுப் புயல் அதைச் சிதைத்தது, மீண்டும் கட்டினார்கள். நம் கடலோரத்தில் அலைகள் ஆண்டு முழுவதும் மணலை ஏந்திச் சென்றுகொண்டே இருக்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்றின்போது மணல் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவக்காற்றின்போது தெற்கு நோக்கியும் நகரும். இரண்டையும் கழித்துப் பார்த்தால் வடக்கே செல்லும் மணலே மிகுதி. கடலுக்குள் நீண்ட துறைமுகச் சுவர்கள் அந்த மணலை வழிமறித்தன. தெற்கே தேங்கிய மணல் மெரினாவை விரித்தது. முன்பு புனித ஜார்ஜ் கோட்டையின் மதிலுக்கு அருகில் வந்து மோதிய கடல் விலகிப் போனது. வடக்கே வர வேண்டிய மணல் வராததால் ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்க் கரைகளை அலை அரிக்கத் தொடங்கியது. தெருக்களும் குப்பங்களும் கடலுக்குள் போயின. மெரினாவில் நம் குழந்தைகள் வீடு கட்டி விளையாடும் மணலில் ஒரு பகுதி ராயபுரத்திற்கு வந்து சேர்ந்திருக்க வேண்டியது என்று சொன்னால் அது மிகையாகாது.

ஆகவே, இம்முறை வேனை வடக்கே திருப்புவோம். தெற்கே உள்ள அழகை இங்கே எதிர்பார்த்துப் புறப்பட்டால் ஏமாற்றமே மிஞ்சும். ஆனால் இக்கரையோரத்தில் நமக்கு உரிய வரலாறு கிடக்கிறது. அதன் முடிவில் பழவேற்காடு என்னும் ஊர் இருக்கிறது. கொடுங்கையூரிலிருந்து அங்கே செல்ல ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று முன்பின் ஆகும். ஒரே நாளில் சென்று திரும்பலாம். தொழுகைக் கணக்கையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பள்ளிவாசல்கள் பின்பற்றும் ஹனஃபி, ஷாஃபிஈ ஆகிய இரு மத்ஹபுகளின் அளவும் ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர். பழவேற்காடு அத்தூரத்தை எட்டாது. எனவே கஸ்ர் இல்லை. ஒவ்வொரு வக்தையும் முழுமையாகத் தொழ வேண்டும். அதையே பயணத் திட்டத்தின் முளைக்கம்பாகக் கொண்டால் தங்குமிடங்கள் தாமாகவே அமைந்துவிடும்.

ஃபஜ்ர் தொழுதவுடன் கிளம்புவது உத்தமம். எண்ணூர் விரைவுச் சாலையின் பெயரில் மட்டுமே விரைவு உண்டு. துறைமுகத்திற்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகள் வெயில் ஏறிய பின் சாலையை அடைத்து நிற்கும். ஞாயிற்றுக்கிழமையாயின் காசிமேட்டில் மீன் வாங்க வரும் கூட்டம் வேறு. மீன் வாங்கும் எண்ணமில்லாதவர்கள் வேறொரு நாளைத் தெரிவு செய்வது நலம்.

முதல் நிறுத்தம் ராயபுரம். இங்குள்ள இரயில் நிலையம் 1856இல் திறக்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் இரயில் இங்கிருந்து புறப்பட்டு ஆர்க்காட்டுப் பக்கம் வாலாஜா ரோடு வரை ஓடியது. தூண்கள் தாங்கிய அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. பத்து நிமிடம் பார்த்தால் போதும். நான் இங்கே நிற்கச் சொல்வது வேறொருவருக்காக.

குணங்குடி மஸ்தான் சாகிபு என்று நாம் அறியும் சுல்தான் அப்துல் காதிர் 1792இல் இராமநாதபுரப் பகுதியில் தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் பிறந்தவர். துறவு பூண்டு ஊர் ஊராய்த் திரிந்து, இறுதியில் இவ்வட்டாரத்திற்கு வந்து தங்கினார். 1838இல் இங்கேயே மறைந்தார். அவர் பாடிய பராபரக் கண்ணி முதலியவை தமிழ் ஞான இலக்கியத்தில் நிலைத்த இடம் பெற்றவை. திருத்தணிகைச் சரவணப்பெருமாள் ஐயர் என்னும் பெரும்புலவர் அவர்மீது நான்மணிமாலை பாடினார். ஒரு முஸ்லிம் ஞானியை ஓர் ஐயர் புகழ்ந்து பாடியது அன்றைய வடசென்னையில் வியப்புக்குரிய செய்தியாக இருக்கவில்லை. இன்று அதை வியப்பாக எடுத்துச் சொல்ல வேண்டியிருப்பதே வியப்பு.

தர்கா ஸியாரத் பற்றி நம்மிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை இங்கே கிளறப் போவதில்லை. ஆனால் மற்றொன்றைச் சொல்லியாக வேண்டும். தொண்டியிலிருந்து வந்த இவரைத் ‘தொண்டியார்’ என்று மக்கள் அழைத்ததாகவும், அதனால் தொண்டியார்பேட்டை என்னும் பெயர் ஏற்பட்டு, பின்னர் தண்டையார்பேட்டை ஆனதாகவும் நம் மேடைகளில் பெருமையுடன் கூறப்படுகிறது. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் 1693ஆம் ஆண்டிலேயே எழும்பூர், புரசைவாக்கம் ஆகியவற்றோடு ஆங்கிலக் கும்பினியார் பெற்ற கிராமங்களில் தண்டையார்பேட்டையும் ஒன்று. மஸ்தான் சாகிபு பிறந்தது அதற்கு ஏறத்தாழ நூறாண்டுகள் கழித்து. அறிவிப்பாளர் தொடரை ஆராயாமல் ஒரு செய்தியை ஏற்கக்கூடாது என்று மாணவர்களுக்குக் கற்பிக்கும் நாம், ஊர்ப் பெருமை என்றவுடன் அந்த அளவுகோலைக் கீழே வைத்துவிடலாகாது. அவருடைய பாடல்களே அவருக்குப் போதுமான பெருமை.

அங்கிருந்து வடக்கே செல்லும்போது வலப்புறம் முழுவதும் கடல். ஆனால் சாலைக்கும் நீருக்கும் இடையே கருங்கல் பாறைகள் குவிக்கப்பட்டிருக்கும். ஆங்காங்கே கடலுக்குள் கை நீட்டியதுபோல் கற்சுவர்கள் நீண்டிருக்கும். அவற்றைத் தூண்டில் வளைவு என்கிறார்கள். அரிப்பைத் தடுத்து, வரும் மணலைச் சற்றேனும் பிடித்து வைப்பதற்காகப் போடப்பட்டவை. சில வளைவுகளுக்கு நடுவே சிறு சிறு மணற்பரப்புகள் மீண்டும் தோன்றியிருக்கின்றன. குழந்தைகளைக் கீழே இறக்கி, தெற்கே தெரியும் துறைமுகத்தைக் காட்டி, மணல் எங்கே நின்றது, கரை எங்கே போனது என்று விளக்க இதைவிடச் சிறந்த வகுப்பறை கிடையாது. பாறைகளின்மேல் ஏற மட்டும் விடாதீர்கள், பாசி வழுக்கும்.

திருவொற்றியூர் பழைமையான ஊர். கோயிலாலும் பட்டினத்தார் சமாதியாலும் பெயர் பெற்றது. அதையும், எண்ணூரை ஒட்டிய கத்திவாக்கத்தையும் கும்பினி 1708இல் பெற்றது. ஆங்கிலேயர் காலத்தில் எண்ணூர் ஓர் உல்லாசத் தலம் என்றால் இன்று யார் நம்புவார்கள்? கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் அக்கழிமுகத்தில் ஓடம் விடவும் மீன் பிடிக்கவும் காற்று வாங்கவும் சென்னையின் வெள்ளையர்கள் வந்து தங்கினார்கள். உப்பளங்களும் அலையாத்திச் செடிகளும் இருந்த இடம் அது. பின்னர் அனல்மின் நிலையம் வந்தது. 1970இல் தொடங்கிய அந்நிலையம் 2017இல் மூடப்பட்டது. அதற்குள் கழிமுகத்தின் வடகரையில் வேறு மின் நிலையங்களும், 2001 முதல் ஒரு பெருந்துறைமுகமும் இயங்கத் தொடங்கிவிட்டன. நிலக்கரிச் சாம்பல் ஓடையில் படிந்து ஆழத்தைக் குறைத்தது. 2017 ஜனவரி 28 அன்று இரு கப்பல்கள் மோதியதில் கொட்டிய எண்ணெயை வாளிகளால் அள்ளியதை நாம் கண்டோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து கழிமுகத்து மீனவர்களின் படகுகளிலும் வலைகளிலும் வீட்டுச் சுவர்களிலும் படிந்தது.

முகத்துவாரத்தில் வண்டியை நிறுத்தி இதையும் பார்க்க வேண்டும். அழகான இடங்களை மட்டுமே காட்டி வளர்க்கப்படும் பிள்ளைக்கு, வீட்டில் எரியும் விளக்கின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பது தெரியாமலே போய்விடும். கொடுங்கையூரில், நகரத்துக் குப்பை மலையின் நிழலில் வாழும் நமக்கு இது புரியாத செய்தியன்று.

எண்ணூரோடு கடலை ஒட்டிய சாலை முடிந்துவிடுகிறது. இனி மேற்கே திரும்பி, மணலி புதுநகர், மீஞ்சூர் வழியாகப் பொன்னேரி சென்று, அங்கிருந்து திருப்பாலைவனம் வழியாகக் கிழக்கே பழவேற்காட்டை அடைய வேண்டும். இதைச் சுற்றுவழி என்று அலுத்துக்கொள்ளும்போது பழைய வழியொன்றை நினைவில் கொள்ளலாம். 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே கால்வாய் ஒன்று வெட்டப்பட்டது. காக்ரேன் கால்வாய் என்று அதற்குப் பெயர். பின்பு அது வடக்கே பழவேற்காடு ஏரிக்கும் அதற்கு அப்பாலும் நீட்டிக்கப்பட்டது. 1877-78 பஞ்சத்தின் நிவாரணப் பணிகளுக்குப் பிறகு ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயரைப் பெற்றது. நம் ஊருக்குக் கிழக்கே கருத்து நாறி ஓடுகிறதே, அதே கால்வாய்தான். விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் அதில் சென்னைக்கு வந்தன. இன்று மூக்கைப் பொத்திக்கொண்டு பாலத்தைக் கடக்கும் அவ்விடத்திலிருந்து, ஒரு காலத்தில் படகேறினால் பழவேற்காட்டில் இறங்கலாம்.

பொன்னேரியைத் தாண்டியதும் வயல்களும் பனைகளும் தென்படும். காற்றில் உப்பு ஏறும். பழவேற்காட்டைப் பற்றிப் பேசத் தொடங்குமுன் நம் வீட்டு ஆண்கள் இடுப்பில் உடுத்தியிருக்கும் கைலியைப் பற்றி ஒரு சொல். ஐரோப்பியர் நாவில் பழவேற்காடு என்னும் பெயர் ‘பலியகாட்’ என்றும் ‘புலிகாட்’ என்றும் ஆயிற்று. இத்துறையிலிருந்து கப்பலேறிய கட்டம்போட்ட துணியும் அப்பெயரையே சூடிக்கொண்டது. மலாய் மக்கள் இன்றும் தொழுகைக்கு உடுத்தும் கட்டக் கைலியை ‘காயின் பெலிக்காட்’ என்றே அழைக்கிறார்கள். காயின் என்றால் துணி. பெலிக்காட் என்பது இந்தப் பழவேற்காடு. நம் துணிக்கடைகளில் ‘பாளையகாட்’ லுங்கி என்று கேட்டு வாங்குவதும் இதே பெயரின் திரிபுதான். கோலாலம்பூரில் ஜும்ஆவுக்குச் செல்லும் ஒருவர் தினமும் உச்சரிக்கும் ஊர்ப்பெயரை, ஐம்பது கிலோமீட்டர் தொலைவிலிருக்கும் நாம் அறியாமல் இருக்கிறோம்.

துணி ஏன் அவ்வளவு தொலைவு சென்றது? மலாக்காவிலும் அதற்குக் கிழக்கேயுள்ள தீவுகளிலும் மிளகு, கிராம்பு, சாதிக்காய் முதலியவற்றை வாங்க வேண்டுமானால், அங்குள்ளோர் விரும்பிக் கேட்டது சோழமண்டலக் கரையின் துணியையே. நெசவாளர்கள் உள்நாட்டில் நெய்தனர், வணிகர்கள் கப்பலேற்றினர். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கரைகளைப் பற்றி எழுதிய போர்ச்சுகீசியரான துவார்த்தே பர்போசா, விஜயநகர ஆட்சிக்குட்பட்ட பழவேற்காட்டைச் செழிப்பான துறைமுகம் என்றும், முஸ்லிம்களும் பிறரும் சேர்ந்து வாழும் ஊர் என்றும் குறித்திருக்கிறார். நான்கு கப்பல்களில் மதீனாவை விட்டு வெளியேறிய அரபுக் குடும்பங்கள் இங்கே கரையிறங்கின என்பது பழவேற்காட்டு முஸ்லிம்களின் செவிவழி மரபு. தண்டையார்பேட்டையில் வைத்த அதே அளவுகோலை இங்கும் வைத்துத்தான் பார்க்க வேண்டும். மரபு மரபாகவே இருக்கட்டும். ஆனால் ஐரோப்பியர் கோட்டை எழும்பும் முன்பே நம்மவர்கள் இங்கே கப்பல் வணிகம் செய்தார்கள் என்பதற்குப் பர்போசாவின் எழுத்தே சான்று.

அந்த வணிகம் ஒரே நாளில் அழியவில்லை. 1511இல் போர்ச்சுகீசியர் மலாக்காவைக் கைப்பற்றினர். தங்கள் அனுமதிச் சீட்டு இல்லாமல் கடலில் கலம் செலுத்தக்கூடாது என்றனர். முஸ்லிம் வணிகர்கள் அச்சே போன்ற வேறு துறைகளைத் தேடினர். பின்னர் டச்சுக்காரர் வந்தனர். 1610இல் விஜயநகர அரசிடம் அனுமதி பெற்று, 1613இல் பழவேற்காட்டில் கோட்டை எழுப்பினர். அதற்கு கெல்ட்ரியா என்று பெயர். கட்டியவர் தம் சொந்த மாகாணத்தின் பெயரை அதற்குச் சூட்டினார். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுவே. அதன்பின் தலைமை நாகப்பட்டினத்திற்கு மாறியது. 1781இல் ஆங்கிலேயர் நாகையைப் பிடித்ததும் மீண்டும் இங்கே திரும்பியது. 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு நிலையாக வந்தது. அதற்குள் 1639இல் தோன்றிய சென்னை வளர்ந்து, வணிகத்தையெல்லாம் தன்பால் இழுத்துக்கொண்டது.

இக்கோட்டையிலிருந்து துணி மட்டும் போகவில்லை. வெடிமருந்து இங்கே தயாரிக்கப்பட்டது. மனிதர்களும் விற்கப்பட்டார்கள். பதினேழாம் நூற்றாண்டில் பஞ்சமும் போரும் வந்தபோதெல்லாம், பசிக்குத் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்ற ஏழைகள் ஆயிரக்கணக்கில் வாங்கப்பட்டு பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அனுப்பப்பட்டார்கள். ஐரோப்பியர் வாங்கினர், பிடித்துக் கொடுத்த தரகர்கள் உள்ளூரார். கெல்ட்ரியாவைப் பற்றி எழுதும் பயணக் குறிப்புகள் பலவும் கோட்டையின் பெயரையும் ஆண்டையும் சொல்லிவிட்டு இதை விட்டுவிடுகின்றன. பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்கள். தரகர்களைப் பற்றியும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கோட்டை இருந்த இடத்தில் இன்று முட்புதரும் மண்மேடும் அகழியின் தடமுமே எஞ்சியுள்ளன. அருகிலுள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்தைத் தொல்லியல் துறை காத்து வருகிறது. வாயிலில் எலும்புக்கூட்டு உருவங்களைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். மரணத்தை நினைவூட்டுவதற்கு அக்காலக் கிறிஸ்தவர்கள் கையாண்ட முறை அது. உள்ளே குடும்பச் சின்னங்களும் டச்சு எழுத்துகளும் பொறித்த பெரும் பலகைக் கற்கள் கிடக்கின்றன. கடல் கடந்து பொருள் தேடி வந்தவர்கள் இங்கேயே படுத்துவிட்டார்கள். கப்பலேற்றி அனுப்பப்பட்ட நம் ஊர் ஏழைகளுக்கு இப்படிப் பெயர் பொறித்த கல் எங்கும் இல்லை.

லுஹர் நேரத்திற்குச் சற்று முன்பாக சின்னப் பள்ளிவாசலுக்கு வந்துவிடுங்கள். அங்கே சூரியக் கடிகாரம் ஒன்று இருக்கிறது. கைக்கடிகாரமும் செயலியும் வருமுன் முஅத்தின்கள் நிழலைப் பார்த்தே வக்தை அறிந்தார்கள். சூரியன் உச்சியைக் கடந்து சாய்ந்தால் லுஹர். உச்சி நிழலை நீக்கிவிட்டுப் பார்க்கையில் ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தை எட்டினால் ஷாஃபிஈ மத்ஹபில் அஸர். இருமடங்கை எட்டினால் ஹனஃபி மத்ஹபில் அஸர். நம் அட்சரேகையில் ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்டு நடுவிலும் உச்சி வேளையில் நிழலே விழாத நாள் வரும். இடைப்பட்ட மாதங்களில் உச்சி நிழல் தெற்கே விழும். புத்தகத்தில் படித்தபோது விளங்காத இப்பாடம் நிழலை நேரே பார்த்தால் ஐந்தே நிமிடத்தில் விளங்கும். சட்டைப்பையில் ஒரு குச்சியும் அளவுகோலும் எடுத்துச் சென்றால் இன்னும் நல்லது.

உணவைப் பற்றி: பழவேற்காடு இறாலுக்கும் நண்டுக்கும் பெயர்போன இடம். ஹனஃபிகளுக்கு மீன் தவிரப் பிற கடலுயிர்கள் ஆகா. இறால் மீன் வகைதானா என்பதில் அவர்களுடைய அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நண்டு குறித்து ஷாஃபிஈ நூல்களிலும் பேச்சு இருக்கிறது. கடைக்காரரிடம் தீர்ப்புக் கேட்காமல் வீட்டிலேயே ஆலிமிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். மீன் குழம்பில் ஒருவருக்கும் தகராறு இல்லை.

பெண்கள் வாங்குவதற்கு இங்கே பனையோலைப் பொருள்கள் உண்டு. சாயமேற்றிய ஓலையில் கூடைகளும் பெட்டிகளும் முடைவது பழவேற்காட்டு முஸ்லிம் பெண்களின் நெடுநாள் கைத்தொழில். விலையில் பேரம் பேசுமுன் ஒரு பெட்டியை முடைய எத்தனை நாழிகை ஆகிறது என்று கேட்டறியுங்கள்.

பின்னேரம் ஏரிக்கரை. நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. வடக்கே ஆந்திரத்திற்குள் விரிந்து கிடக்கிறது. குளிர்காலத்தில் சென்றால் பூநாரைகளைக் காணலாம். படகில் ஏறலாமே என்று பிள்ளைகள் நச்சரிப்பார்கள். 2011 டிசம்பர் 25 அன்று இங்கே உல்லாசப் பயணம் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள்; பெரும்பாலோர் ஒரே உறவுக் குடும்பத்தினர். அதன்பின் சுற்றுலாப் படகுகளுக்குத் தடை வந்தது. எவரேனும் மறைவாக அழைத்தாலும் ஏறாதீர்கள். உயிர் அமானிதம், கரையில் நின்றாலும் ஏரி தெரியும்.

தெற்கே காட்டுப்பள்ளிப் பக்கம் பார்த்தால் துறைமுகக் கட்டுமானங்கள் தெரியக்கூடும். அவற்றை விரிவாக்கும் திட்டத்தைப் பழவேற்காட்டு மீனவர்கள் எதிர்த்து வருகிறார்கள். ஏரி வாழ்வது முகத்துவாரத்தால். அது மணலால் அடைபட்டால் மீன் வரத்து நின்றுவிடும். கடலுக்குள் ஒரு சுவர் எழுந்தால் அதன் வடபுறக் கரைக்கு என்ன நேரும் என்பதை அறிய அவர்களுக்கு ஆய்வறிக்கை தேவையில்லை. ராயபுரம் ஐம்பது கிலோமீட்டரில் இருக்கிறது.

அஸரைப் பழவேற்காட்டிலேயே தொழுதுவிட்டுப் புறப்பட்டால் மஃரிப் நேரத்தில் பொன்னேரியை அடையலாம். அங்கே இறங்கித் தொழுதுவிடுங்கள். மீஞ்சூருக்கு அப்பால் லாரி நெரிசலில் சிக்கினால் வக்து தப்பிவிடும். இஷாவை வீட்டுப் பக்கத்துப் பள்ளியில் ஜமாஅத்தோடு தொழலாம்.